எங்கள் ஊர் வரைபடத்தை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலப் பொது நூலகக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும் பேராக் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் இருபத்தேழு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். தொழிலாளர்கள் வரிசையில் நிற்கும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, பிற்பகலில் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் நாள் குறித்து, மாதக் கடைசியில் கணக்குக் கூட்டிச் சம்பளம் போட்டவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சம்பள நாளன்று, பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் அம்மா ஒருவர் அலுவலகச் சன்னலுக்கு வெளியே நின்று, தனக்கு இரண்டு நாள் சம்பளம் குறைகிறது என்றார். செக்ரோலில் இருப்பதைத்தான் கொடுத்தேன் என்றேன். "அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டுங்கள்" என்றார். அது அலுவலகப் புத்தகம், வெளியே காட்டக் கூடாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "என் பெயரை நானே பார்க்கக் கூடாதா, ஐயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே பெயருள்ள இன்னொருவரின் வரிசையில் அவருடைய இரண்டு நாளும் ஏறியிருந்தன. தவறு என்னுடையது. திருத்திப் பணத்தைக் கொடுத்தேன். அவர் வாய் திறந்து கேட்காமல் போயிருந்தால் அந்த இரண்டு நாள் போனது போனதுதான். எத்தனை பேர் கேட்காமலே போயிருப்பார்கள் என்ற நினைப்பு இன்று வரை என்னை விடவில்லை. இந்த மடலை எழுதவைப்பதும் அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சன்னலுக்கு வெளியே நிற்கும் முறை எனக்கு வந்தது.

எங்கள் ஊர் ஒரே தெருவுள்ள ஊர். இரண்டு வரிசைக் கடை, ஒரு கிளினிக், தமிழ்ப்பள்ளி, மாநிலத் தலைநகர் ஈப்போவுக்குப் போகும் பஸ் நிற்கும் இடம். சுற்றிலும் முன்பு பால்மரம், இப்போது செம்பனை. சில ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் ஒருவர் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பிரித்தபோது அதில் ஓர் அரசு அறிவிப்பு தென்பட்டது. எங்கள் வட்டாரத்துக்கான வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, மறுப்பு இருந்தால் இன்ன தேதிக்குள் எழுத்து மூலம் தரலாம் என்று தேசிய மொழியான மலாயில் போட்டிருந்தது. அந்தத் தேதி கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

ஆனாலும் பஸ் ஏறிப் போனேன். அது எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். காலம் முடிந்துவிட்டது, ஆனால் பார்க்க விரும்பினால் பார்க்கலாம் என்று தடித்த தொகுப்பொன்றை எடுத்து வைத்தார். உட்கார இடம் இல்லை. நகல் எடுக்க வசதி இல்லை. முகப்பு மேசையின் ஓரத்தில் நின்றபடியே ஒரு மணி நேரம் புரட்டினேன். எங்கள் லயங்கள் இருந்த இடம் ஊதா நிறத்தில் இருந்தது. ஓரத்துக் குறிப்பைப் பார்த்தேன். தொழில்துறை என்று இருந்தது. தமிழ்ப்பள்ளி வரைபடத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயில் இல்லை. ஆற்றோரச் சுடுகாடும் இல்லை. என் தாயையும் தகப்பனையும் எரித்த இடம் அந்தத் தாளில் வெறும் ஊதா.

யாரும் வேண்டுமென்று கோயிலை அழித்துவிடவில்லை. தோட்டத்துக் கோயில்கள் பலவும் தோட்டத்து நிலத்திலேயே எழும்பியவை. அன்றைய தோட்ட நிர்வாகியான துரை வாய்மொழியாகச் சரி என்றிருப்பார், தொழிலாளர்கள் கல் சுமந்து கட்டியிருப்பார்கள். தனி நிலப்பட்டா கிடையாது. பட்டா இல்லாத கோயில் பதிவேட்டில் ஏறாது, பதிவேட்டில் இல்லாதது வரைபடத்துக்கு வராது. வரைபடம் தீட்டியவர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர். அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். சொல்வதற்கென்றே சட்டம் ஒரு கால அவகாசத்தையும் வைத்திருக்கிறது. அந்த அவகாசம் எங்கள் ஊரைத் தொடாமலே கடந்து போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வட்டார வரைவுத் திட்டத்தைத் திட்டமிடல் அதிகாரம் பெற்ற அமைப்பு தன் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். மறுப்புத் தெரிவிக்க நான்கு வாரத்துக்குக் குறையாத காலம் தர வேண்டும். நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டுமன்றி, அந்த அமைப்பு தீர்மானிக்கும் மற்ற இடங்களிலும் வைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "மற்ற இடங்களிலும்" என்ற அந்த வார்த்தையைப் படித்தபோது, பூட்டியிருப்பதாக நினைத்த கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அந்த மற்ற இடம் நூலகமாக இருக்க எந்தத் தடையும் இல்லை. புதுச் சட்டமும் வேண்டியதில்லை. தீர்மானித்தால் போதும்.

நடைமுறையிலும் இது புதிதன்று. பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைகளைச் சுற்றுச்சூழல் துறை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கிறது. அவை வைக்கப்படும் இடங்களில் பொது நூலகங்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தலைநகரத்து நூலகங்கள். அணையோ குப்பைக் கிடங்கோ கல் குவாரியோ எந்த ஊருக்கு அருகில் வருகிறதோ, அந்த ஊர்ப் பிள்ளைகள் கதைப்புத்தகம் எடுக்கப் போகும் சின்ன நூலகத்துக்கும் ஒரு படி வர வேண்டும் என்பதே நான் கேட்பது.

கழகத்தின் பொறுப்பாளர்களே, உங்கள் ஊழியர்கள் மேல் எனக்குக் குறையில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து படிக்க ஓர் இடம் இருக்கிறதென்றால் அது நூலகம்தான். அங்கே யாரும் "என்ன வேலையாக வந்தாய்?" என்று கேட்பதில்லை. அரசு அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். அலுவலகத்தில் நாம் மனுதாரர். நூலகத்தில் வாசகர். எங்கள் பெண்கள் பலர் அரசு அலுவலகப் படியேறக் கூசுவார்கள். தேசிய மொழியில் தடுமாறினால் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். அதே பெண்கள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போவார்கள். ஆவணம் அங்கே இருந்தால் அதையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

"இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று சொல்வீர்கள். உண்மைதான். கூட்டரசு அரசிதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாடாளுமன்ற விவாதக் குறிப்புகள் கிடைக்கின்றன. தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை கிடைக்கிறது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நானூறு பக்க ஆவணத்தை, அதிலும் மடித்து வைத்த பெரிய வரைபடத்தை, கைப்பேசியின் உள்ளங்கை அளவுத் திரையில் பார்க்கச் சொல்வது பார்க்காதே என்று சொல்வதற்குச் சமம். ஊதா எது, கருநீலம் எது என்று தெரியாது. எந்தச் சொல்லைத் தட்டினால் எந்த ஆவணம் வரும் என்பதே ஒரு தனிக் கல்வி. தவிர, இணையத்தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய கோப்புகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அலமாரியில் முத்திரை குத்தி, வந்து சேர்ந்த தேதி எழுதி வைத்த தாள் அப்படிப் போவதில்லை. ஐந்தாண்டு கழித்து, "இது அன்றே காட்டப்பட்டதா, பிறகு சேர்க்கப்பட்டதா?" என்று கேள்வி வந்தால் அந்தத் தேதி பேசும். கிராணி வேலை பார்த்தவனுக்கு முத்திரையின் மதிப்பு தெரியும்.

அமெரிக்காவில் அரசு வெளியீடுகளின் படிகளை நாடெங்கும் உள்ள நூலகங்களுக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாட்டின் வேர் 1813ஆம் ஆண்டுக்குப் போகிறது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் அதில் இருக்கின்றன. பெரும்பகுதி மின்வடிவத்துக்கு மாறிவிட்ட பிறகும், அங்கே யார் நுழைந்து கேட்டாலும் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. நம் நாட்டிலும் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் இருக்கிறது. அச்சிட்ட வெளியீட்டில் ஐந்து படி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது பாதுகாப்பதற்கான சட்டம். கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் பத்திரமாக இருக்கும் நூல், செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருபவருக்கு எட்டாது. ஐந்தோடு ஆறாவதாக ஒரு படி, அது எந்த மாவட்டத்தைப் பற்றியதோ அந்த மாவட்டத்துக்கு வர வழி செய்யுங்கள்.

அமெரிக்காவை விட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது இராஜஸ்தான். அங்கே பஞ்ச நிவாரண வேலைகளில் மண் சுமந்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. கேட்டால், வேலைப் பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். அது அரசு இரகசியம் என்றார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் ஊர் நடுவே மக்களைக் கூட்டி, கிடைத்த கணக்குகளை உரக்கப் படித்தது. வேலையே செய்யாதவர் பெயரும், கட்டாத கட்டடமும் அந்தத் தாள்களிலிருந்து வெளியே வந்தன. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களது முழக்கம். அந்த நெருப்புதான் வளர்ந்து 2005இல் இந்தியாவின் தகவல் பெறும் உரிமைச் சட்டமாயிற்று. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர்களுடைய பதிவேடும் என்னுடைய செக்ரோலும் ஒன்றுதான். சன்னலுக்கு வெளியே நின்ற அந்த அம்மா கேட்டதும் அதே கேள்விதான்.

அந்த இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு சிறு வரி உண்டு. ஒவ்வோர் அரசு அமைப்பும், யாரும் கேட்பதற்கு முன்பே வெளியிட வேண்டியவற்றின் பட்டியலில், மக்களுக்காக நூலகமோ வாசிப்பறையோ நடத்தினால் அதன் வேலை நேரமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதும் உரிமையின் ஒரு பகுதி என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். சிலாங்கூர் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது. பினாங்கு அதற்கு முன்பே 2010இல் நிறைவேற்றி, 2015இல் நடைமுறைப்படுத்தியது. வடக்கே பினாங்கு, தெற்கே சிலாங்கூர், நடுவில் நாம். பேராக்கில் அப்படியொரு சட்டம் இல்லை. மாநில எல்லையைத் தாண்டினால் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை, தாண்டாத எங்களுக்கு ஏன் இல்லை? கூட்டரசு சட்டம் வரட்டும் என்று காத்திருப்பது பதிலாகாது. அந்த இரண்டு மாநிலங்களும் காத்திருக்கவில்லை. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருப்பவை. எங்களுக்கு வேண்டிய தாள்களில் பெரும்பாலானவை கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் இல்லை, உங்களிடம்தான் இருக்கின்றன.

1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஊழியர்களின் மனத்தில் என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1986இல் செய்த திருத்தத்தின்படி, இரகசிய ஆவணத்தை வெளியிட்டவருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை. ஒரு தாளை இரகசியம் என்று அதிகாரி சான்றளித்தால் நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. நான் கேட்கும் எதுவும் இரகசியம் இல்லை. வரைவுத் திட்டம், ஊராட்சி மன்றத்தின் வரவு செலவு, துணைச்சட்டங்கள், நிலக் கையகப்படுத்தல் அறிவிப்புகள், கணக்காய்வு அறிக்கை எல்லாமே வெளியில் வர வேண்டியவை. ஆனால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் இளம் ஊழியருக்கு எது இரகசியம், எது இல்லை என்று தெரியாதபோது அவர் எதையும் காட்டாமலிருப்பதைத்தான் பாதுகாப்பு என்று நினைப்பார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். இன்னின்னவற்றைக் கேட்காமலே காட்டலாம் என்று மாநில அரசு எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

நம் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த தலைவர் துன் சம்பந்தனை நீங்கள் மேடைகளில் அடிக்கடி நினைவுகூர்கிறீர்கள். ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டார்கள். தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது, 1960இல், அவருடைய முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. என் தகப்பனாரும் கட்டினார். எந்தத் தோட்டம் விலைக்கு வருகிறது, யார் வாங்குகிறார், நமக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்திருந்ததால்தானே அந்தப் பத்து வெள்ளிக்குப் பொருள் இருந்தது? விற்று முடிந்த பிறகு சேதி வந்திருந்தால் எவ்வளவு சேர்த்தும் என்ன பயன்?

பழைய தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, 25 ஆண்டு கடந்த அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்க வழியுண்டு. ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகள் எங்கள் பாட்டன்மாரின் கூலியை, காய்ச்சலை, சாவை எண்ணிக்கையாக வைத்திருக்கின்றன. எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளைகளைக் கொண்டு ஊர் வரலாறு எழுதவைக்க முயன்றார். தாத்தா பாட்டி சொன்ன கதைகள் நிறையக் கிடைத்தன. ஒத்துப்பார்க்க ஒரு தாள் கிடைக்கவில்லை. காப்பகத்திலிருந்து மாவட்டம் சார்ந்த கோப்புகளின் நகல் ஒரு தொகுப்பு வந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும், கிராம நூலகத்திலும் ஓர் அலமாரி. அதில் அந்த மாவட்டத்தைத் தொடும் அரசு ஆவணங்கள், வந்த தேதியோடு. காலக்கெடு முடிந்தாலும் அவை அங்கேயே இருக்க வேண்டும். மறுப்புத் தெரிவிக்கக் கெடு உள்ள ஆவணம் வந்தால், அன்றே ஒரு துண்டுச்சீட்டு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதிக் கோயில் வாசலிலும் பள்ளியிலும் பலசரக்குக் கடையிலும் கிளினிக்கிலும் ஒட்டப்பட வேண்டும். நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்று. நேரமும் முக்கியம். பால்மரம் சீவுபவர் நண்பகலில் வீடு திரும்புவார். அவருடைய மகளோ தொழிற்சாலை பஸ்ஸில் விடியலுக்கு முன் போய் இருட்டிய பிறகு வருவாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் திறந்திருந்தால் இருவரும் வரலாம்.

அலமாரியை விட முக்கியமானது ஆள். ஆவணம் தேசிய மொழியில் இருக்கும், பழையது ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் முதியவர்கள் படிப்பது தமிழ். திட்டத்துறையின் மலாய், பள்ளிக்கூடத்து மலாய் இல்லை. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளே விழிக்கிறார்கள். ஆகவே நூலக ஊழியருக்கு, இந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும், மறுப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று இரண்டு நாள் பயிற்சி தாருங்கள். அவர் எங்களுக்காக வாதாட வேண்டாம். பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். மொழிபெயர்த்துச் சொல்ல எங்களிடமே ஆட்கள் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை செய்த ஒருவர் இருக்கிறார், மூன்று மொழியும் சரளமாக வரும்.

நானும் இருக்கிறேன். வாரம் ஒரு காலை நேரத்தை இதற்குத் தருகிறேன். சம்பளம் வேண்டாம். அந்த வட்டாரத் திட்டம் மறுபடி திருத்தத்துக்கு வரும்போது, கோயில் எங்கே இருக்கிறது, சுடுகாட்டுக்குப் போகும் பாதை எங்கே திரும்புகிறது என்று நெடுநாள் அங்கே வாழ்ந்தவர்களை உட்காரவைத்துக் குறித்துக் கொடுக்க விரும்புகிறேன். அவர்களில் இருவர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்கள்.

மேசை மட்டும் கொஞ்சம் அகலமாக வேண்டும். வரைபடத்தை மடிக்காமல் விரித்து வைக்கும் அளவுக்கு, சுற்றிலும் ஆறு நாற்காலியோடு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர்,
பேராக்